மூவாயிரம் ரூபாய், ஐந்து வாரம்

கைப்பேசித் திரையில் 5,000 ரூபாய் கடன் அங்கீகரிக்கப்பட்டதாக ஒரு வரி. சில நிமிடங்களில் வங்கிக் கணக்குக்கு வருவது 3,000 ரூபாய். மீதி 2,000 செயலாக்கக் கட்டணம், சேவைக் கட்டணம், ஜிஎஸ்டி என்ற பெயர்களில் முன்கூட்டியே கழிந்துவிட்டது. ஏழாம் நாள் கட்ட வேண்டியது 5,000.

2020ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ஹைதராபாத், சென்னை, பெங்களூரு காவல்துறையினர் விசாரித்த உடனடிக் கடன் செயலி வழக்குகளில் இதே அமைப்பு திரும்பத் திரும்ப வந்தது. தொகை மாறும். முன்கழிவு சில செயலிகளில் கால் பங்கு, சிலவற்றில் இன்னும் அதிகம். தவணை பெரும்பாலும் ஏழு நாள்.

ஊரில் நூற்றுக்குப் பத்து வட்டி என்றால் வாங்குகிறவர் தயங்குவார். அது மாதத்துக்கு 10 விழுக்காடு. மேலே உள்ள கணக்கில், 3,000 ரூபாயை ஏழு நாள் வைத்திருக்க 2,000 ரூபாய் போகிறது. மாதக் கணக்கில் சொன்னால் நூற்றுக்கு ஏறத்தாழ 286 ரூபாய். ஆண்டுக் கணக்கில் 3,476 விழுக்காடு. செயலியின் திரையில் இந்த எண்கள் எதுவும் இருக்காது. 'ஒரு நாளைக்கு வெறும் 0.1%' என்பதுபோல ஒன்று இருக்கும். கழித்துக்கொண்ட 2,000 அந்தக் கணக்கில் வட்டியாகவே சேர்வதில்லை.

ஏழாம் நாள் கையில் 5,000 இல்லாதவர் என்ன செய்வார்? பெரும்பாலும் இன்னொரு செயலியை நிறுவுவார். முதல் செயலியே அதற்கு இணைப்பு அனுப்புவதும் உண்டு. இரண்டாவது செயலியும் 40 விழுக்காடு கழித்தால், கையில் 5,000 கிடைக்க 8,333 ரூபாய்க்குக் கடன் எடுக்க வேண்டும். பதினான்காம் நாள் அதை அடைக்க 13,889. இருபத்தோராம் நாள் 23,148. இருபத்தெட்டாம் நாள் 38,580. இந்தக் கடைசித் தொகை முப்பத்தைந்தாம் நாள் கட்டியாக வேண்டியது. இந்த ஐந்து வாரத்தில் வீட்டுச் செலவுக்கு உண்மையில் வந்த பணம் முதல் நாள் வந்த 3,000 மட்டுமே. மற்றதெல்லாம் ஒரு செயலியிலிருந்து இன்னொரு செயலிக்குப் போன பணம்.

ஒரே செயலி அவ்வளவு பெரிய தொகை தராது. அதனால் நான்காவது வாரத்தில் ஒருவர் கையில் ஐந்தாறு செயலிகள் இருக்கும். தவணை நாள்கள் வெவ்வேறாக விழும். வாரத்தில் எல்லா நாளும் ஏதோ ஒன்றின் கடைசி நாளாக ஆகும்.

நீட்டிப்பு என்று ஒரு பொத்தானும் உண்டு. வாரத்துக்கு 1,500 ரூபாய் கட்டினால் கெடு ஏழு நாள் தள்ளிப்போகும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு முறை அழுத்தினால் 6,000 ரூபாய் கட்டியாகிவிட்டது. பாக்கி அப்போதும் 5,000.

அமெரிக்காவில் இதன் மூத்த வடிவம் உண்டு. அடுத்த சம்பளத்தன்று திருப்பித் தருவதாக வாங்கும் இரண்டு வாரக் கடன் அது. சம்பள நாள் கடன் என்று பெயர். 100 டாலருக்கு 15 டாலர் கட்டணம் அங்கே வழக்கம். ஆண்டுக் கணக்கில் 391 விழுக்காடு. அந்நாட்டின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்தகைய கடன்களில் ஐந்தில் நான்கு 14 நாளுக்குள் நீட்டிக்கப்பட்டன, அல்லது அதன் பின்னாலேயே இன்னொரு கடன் வந்தது. அந்தக் கடனின் கெடுவாவது சம்பள நாளில் விழுகிறது. இங்கே சம்பளம் மாதத்துக்கு ஒரு முறை. கடனின் கெடு ஏழு நாள். மாதக் கடைசிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வாங்கியவருக்குச் சம்பளத்துக்கு முன்பே கெடு வந்துவிடும். கட்ட முடியாமல் போவது இந்தக் கடனில் விபத்து அல்ல. கெடுவை வைத்த விதத்திலேயே அது இருக்கிறது.

பிரிட்டன் 2015 ஜனவரி 2 முதல் ஒரு வரம்பு வைத்தது. நாளொன்றுக்கு 0.8 விழுக்காட்டுக்கு மேல் வசூலிக்கக் கூடாது. வட்டி, கட்டணம், அபராதம் எல்லாம் சேர்ந்து அசலை மிஞ்சக் கூடாது. அங்கே பெயர்பெற்ற குறுங்கடன் நிறுவனமான வோங்கா 2018 ஆகஸ்ட்டில் நொடித்துப்போனது. இந்தியாவில் வங்கிசாரா நிதி நிறுவனங்கள் தரும் தனிநபர் கடனுக்கு அப்படி எண்ணால் குறித்த உச்சவரம்பு இல்லை. வட்டியை நிறுவனத்தின் இயக்குநர் குழு தீர்மானிக்கிறது; மிகை வட்டி கூடாது என்பது பொதுவிதி. அந்தப் பொதுவிதியின் பேரில் 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி நான்கு நிதி நிறுவனங்கள் புதிய கடன் தருவதை நிறுத்திவைத்தது. குறைகளைச் சரிசெய்த பிறகு தடை நீங்கியது. ஆக, உரிமம் பெற்ற நிறுவனமும் விலை மிகுந்த கடன் தரலாம்.

இந்தச் செயலிகள் கடனுக்கு ஈடாக நகை கேட்பதில்லை, பத்திரம் கேட்பதில்லை, ஜாமீன் கேட்பதில்லை. செயலியை நிறுவும்போது மூன்று சிறு பெட்டிகள் வரும். தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கவா? படங்களை? குறுஞ்செய்திகளை? மறுத்தால் அடுத்த பக்கம் திறக்காது. குறுஞ்செய்திகளிலிருந்து சம்பளம் எந்தத் தேதியில் எவ்வளவு வருகிறது, வேறு எங்கெல்லாம் பாக்கி இருக்கிறது என்பது தெரிந்துவிடும். தொடர்புப் பட்டியலில் 'அம்மா', 'அண்ணி', 'பெரிய மாமா', 'ஹெச்.ஆர். மேடம்', 'பாப்பா ஸ்கூல் மிஸ்' என்று வாங்கியவரே எழுதிவைத்திருக்கிறார். யாரிடம் பேசினால் எங்கே வலிக்கும் என்பதைத் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை. ஈடு அதுதான்.

புகார்களில் வரும் வரிசை ஏறக்குறைய ஒன்றே. கெடுவுக்கு முந்திய நாள் நினைவூட்டல். கெடுவன்று காலையிலிருந்து வெவ்வேறு எண்களிலிருந்து அழைப்பு. மாலையில் வசை. மறுநாள் தொடர்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி: இவர் மோசடிக்காரர், நீங்கள்தான் ஜாமீன். அதன்பின் முகத்தை வெட்டி ஆபாசப் படத்தோடு ஒட்டிய படம். சில வழக்குகளில் பணம் கட்டிய பிறகும் செயலியில் 'பாக்கி' என்றே காட்டியது, மறுபடி கேட்டார்கள். சிலருக்கு, கேட்காமலேயே கணக்கில் பணம் போட்டுவிட்டு வட்டியோடு கேட்டார்கள்.

2021 ஜனவரியில் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு இத்தகைய ஒரு வழக்கில் சீனர்கள் இருவர் உட்பட நான்கு பேரைக் கைது செய்தது. அழைப்பு மையம் பெங்களூருவில் இருந்தது. அதே மாதம் ரிசர்வ் வங்கி ஒரு பணிக்குழு அமைத்தது. 2021 ஜனவரி, பிப்ரவரி ஆகிய இரண்டு மாதங்களில் அந்தக் குழு செயலி அங்காடிகளில் தேடியபோது இந்தியர்களுக்குக் கடன் தருவதாகச் சொன்ன ஏறத்தாழ 1,100 செயலிகள் கிடைத்தன. அவற்றில் 600 சட்டவிரோதமானவை. கூகுள் தன் அங்காடியிலிருந்து 2021 ஏப்ரல் முதல் 2022 ஜூலை வரை 2,500க்கும் மேற்பட்ட கடன் செயலிகளையும், 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரை 2,200க்கும் மேற்பட்டவற்றையும் நீக்கியது. 2023 மே 31 முதல் கடன் செயலிகள் தொடர்புகளையும் படங்களையும் தொடக் கூடாது என்றும் விதித்தது. அறுபது நாளுக்குள் முழுத்தொகையும் கட்டச் சொல்லும் தனிநபர் கடன் செயலிக்கு அந்த அங்காடியில் ஏற்கெனவே இடமில்லை. எனவே இவை இப்போது வாட்ஸ்அப், டெலிகிராம் இணைப்பாகவும், விளம்பரத்தைத் தொட்டதும் நேராக இறங்கும் கோப்பாகவும் வருகின்றன. அங்கே தடுக்க யாரும் இல்லை.

ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகள் 2022 செப்டம்பர் 2 அன்று வந்தன. 2025 மே மாதம் ஒரே தொகுப்பாக மறுபடி வெளியாயின. கடன் பணம், உரிமம் பெற்ற நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக வாங்குகிறவரின் கணக்குக்கு வர வேண்டும். திரும்பக் கட்டுவதும் அப்படியே. இடைத்தரகர் கணக்கு நடுவில் வரக் கூடாது. கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த ஆண்டுச் செலவு விகிதத்தை, கடனின் முழு விலையையும் ஒரே தாளில் காட்டும் 'முக்கிய விவர அறிக்கை'யில் முன்கூட்டியே தர வேண்டும். குறைந்தது ஒரு நாள் மனம் மாறும் அவகாசம் உண்டு; அதற்குள் அசலையும் அந்த நாள்களுக்கான செலவையும் கட்டி, அபராதமின்றி வெளியேறலாம். தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, படக் கோப்புகள் எதையும் தொடக் கூடாது. ரிசர்வ் வங்கியின் இன்னொரு விதிப்படி, வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. உறவினர், நண்பர்களிடம் பேசி அவமானப்படுத்தக் கூடாது.

இந்த விதிகளை வைத்துப் பாஸ்புக்கைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். 3,000 ரூபாய் பெயர் தெரியாத ஒரு வர்த்தக நிறுவனத்திடமிருந்து வந்திருக்கிறதா? திருப்பிக் கட்டச் சொன்ன யுபிஐ முகவரி தனிநபர் பெயரில், வாரத்துக்கு ஒன்றாக மாறுகிறதா? அறிக்கைத் தாள் வரவில்லையா? அப்படியானால் அது விதிக்கு வெளியே இருக்கும் கடன். 2025 ஜூலை 1 முதல் ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில், உரிமம் பெற்ற நிறுவனங்களோடு இணைந்த கடன் செயலிகளின் பட்டியலை வைத்திருக்கிறது. நிறுவனங்கள் தாமே தந்த விவரம் அது. ரிசர்வ் வங்கியின் நற்சான்று அல்ல. ஆனால் அதில் பெயரே இல்லாத செயலியிடம் கடன் வாங்க எந்தக் காரணமும் இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு மக்கள் ஏன் அந்தச் செயலிகளிடம் போகிறார்கள்? பெரும்பாலான பதில்களில் ஒரு சொல் வருகிறது: சிபில். 300 முதல் 900 வரையிலான கடன் மதிப்பெண். பழைய கடன் ஒன்று தவறியது, கிரெடிட் கார்டு பாக்கி நின்றது, அல்லது இதுவரை கடனே வாங்காததால் மதிப்பெண்ணே இல்லை. வங்கி மறுக்கிறது. 'சிபில் தேவையில்லை' என்கிற விளம்பரம் அந்த நேரத்தில்தான் கண்ணில் படுகிறது. உள்ளே போன பிறகு அதே சொல்லை வைத்து மிரட்டுகிறார்கள்: இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் உன் சிபில் போய்விடும், வாழ்நாள் முழுக்க யாரும் கடன் தர மாட்டார்கள். அந்த அச்சத்தில்தான் பலர் அடுத்த செயலியை நிறுவுகிறார்கள்.

சட்டம் இங்கே தெளிவாக இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டப்படி, வங்கி, உரிமம் பெற்ற நிதி நிறுவனம் போன்ற கடன் நிறுவனங்கள்தாம் கடன் விவரத்தைப் பதிய முடியும். உரிமமில்லாத செயலிக்கு அந்தக் கதவே கிடையாது. அது ஒருவரின் மதிப்பெண்ணைக் குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. ஐந்து வாரம் ஒழுங்காகக் கட்டினாலும் மதிப்பெண் ஒரு புள்ளி ஏறாது. மாறாக, உரிமம் பெற்ற நிறுவனத்தின் கடன் எவ்வளவு சிறியதானாலும், எத்தனை நாள் கடனானாலும் பதிவாகும். 2025 ஜனவரி 1 முதல் இந்த விவரங்கள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது புதுப்பிக்கப்பட வேண்டும். ஒரே வாரத்தில் ஆறு இடங்களில் கடனுக்கு விண்ணப்பித்தால் ஆறு விசாரணைகளும் பதிவாகி மதிப்பெண்ணை இழுக்கும். எந்தக் கடன் எந்த வகை என்று பிரித்துப் பார்க்காதவர், தன் மதிப்பெண்ணைத் தொடவே முடியாதவனுக்குக் கடைசி ரூபாயையும் கொடுத்துவிட்டு, பதிவாகும் கடனைத் தவறவிடுவார். நடப்பது பெரும்பாலும் அதுதான்.

எனவே வெளியேறும் வேலை ஒரு தாளில் தொடங்குகிறது. எந்தச் செயலி, கைக்கு வந்தது எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து வந்தது, பின்னால் இருக்கும் நிதி நிறுவனம் எது. நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் எது பதிவான கடன், எது பதிவாகாதது என்பது தெரியும். சில செயலிகளின் பின்னால் உண்மையான நிதி நிறுவனம் இருக்கும்; மிரட்டுகிற விதத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. அறிக்கையில் தவறு இருந்தால் 30 நாளுக்குள் திருத்த வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. பணம் வாங்கிக்கொண்டு சிபிலை ஏற்றித் தருவதாகச் சொல்லும் முகவர்களுக்கு அந்தப் பதிவேட்டில் கைவைக்க எந்த வழியும் இல்லை.

அந்தத் தாள் எழுதிய நாளிலிருந்து, கடனை அடைக்கக் கடன் செயலி என்பது நின்றாக வேண்டும். இது ஒன்று தவறினால் மற்ற எதுவும் பயன் தராது. மேலே சொன்ன 38,580இல் 35,580 ரூபாய் அந்த ஒரு பழக்கத்திலும் முன்கழிவிலும் உண்டானது.

சட்டவிரோதச் செயலி என்று தெரிந்துவிட்டால், செயலியை அழிப்பதற்கு முன் ஆதாரத்தை எடுத்துவைக்க வேண்டும். திரைப்படிமங்கள், அழைத்த எண்கள், குரல் பதிவுகள், யுபிஐ பரிவர்த்தனை எண்கள். பிறகு அனுமதிகளை ரத்துசெய்து, செயலியை நீக்கி, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலோ மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்திலோ புகார். ரிசர்வ் வங்கியின் சச்சேத் தளத்திலும் பதியலாம். மிரட்டுகிறவர்கள் செய்தி அனுப்புவதற்கு முன் தொடர்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு நாமே அனுப்பிவிடுவது அவர்களின் ஈட்டைக் காலியாக்குகிறது: 'என் கைப்பேசித் தகவல் திருடப்பட்டுவிட்டது. என் பெயரில் ஆபாசப் படமோ பணம் கேட்டோ ஏதாவது வந்தால் திறக்காதீர்கள், அந்த எண்ணை எனக்கு அனுப்புங்கள்.' மிரட்டலுக்குப் பணிந்து கொடுக்கும் பணம் கடனை முடிப்பதில்லை. இவர் கொடுப்பார் என்ற தகவலைத்தான் கொடுக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் கைது வாரண்டுகள் பொய். கடன் கட்டாதது மட்டுமே குற்றமாகாது. அது உரிமையியல் விவகாரம்.

உரிமம் பெற்ற நிறுவனத்திடம் இதே துணிச்சல் ஆபத்து. காசோலை திரும்பினால் குற்றவியல் வழக்கு வரும் என்பது பலருக்குத் தெரியும். வங்கிக் கணக்கிலிருந்து தவணை தானாகப் போக நாம் கொடுத்த ஒப்புதல், பணமின்றித் திரும்பினாலும் அதே போன்ற பிரிவு உண்டு. இரண்டு ஆண்டு வரை சிறை. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வங்கி தனியாகக் கட்டணம் பிடிக்கும். ஆகவே கெடுவுக்கு முன்பே, குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலில், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று எண்ணோடு எழுத வேண்டும். ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. ஆனால் 90 நாள் தாண்டினால் அந்தக் கடன் அவர்கள் கணக்கில் வாராக்கடன். பேச அவர்களுக்கும் காரணம் உண்டு. 2024 முதல் தாமதத்துக்கான அபராதத்தை அசலோடு சேர்த்து அதன்மேல் வட்டி போடக் கூடாது. போட்டிருந்தால் கேட்கலாம். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணமில்லை. பாதித் தொகையில் முடித்துக்கொள்ளலாம் என்று வரும் செட்டில்மென்ட் அழைப்பு வசதியாகத் தோன்றும். அறிக்கையில் அது 'முடிக்கப்பட்டது' என்று பதியாது, 'சமரசம்' என்று பதியும். அடுத்த வங்கி அந்த வேறுபாட்டைப் படிக்கும். எதுவானாலும் பாக்கியில்லாச் சான்று கைக்கு வராமல் முடிந்ததாக நம்பக் கூடாது.

பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் மிஞ்சுகிற கேள்வி. மதிப்பெண்ணை முதன்மையாகப் பார்க்காத இடங்கள் ஊரிலேயே இருக்கின்றன. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகை அடமானம். மகளிர் சுய உதவிக் குழுவின் உள்கடன். வேலை செய்யும் இடத்தில் சம்பள முன்பணம். மருத்துவச் செலவு என்றால் வருங்கால வைப்பு நிதியில் முன்பணம். 3,000 ரூபாயை ஆண்டுக்கு 12 விழுக்காட்டில் மூன்று மாதம் வைத்திருந்தால் வட்டி 90 ரூபாய். இந்த வழிகளில் எல்லாம் யாரிடமாவது வாய்திறந்து கேட்க வேண்டியிருக்கிறது. செயலியில் கேட்க வேண்டியதில்லை. ரகசியம் என்று நம்பித்தான் அதை நாடுகிறார்கள். எட்டாம் நாள் முந்நூறு பேருக்குத் தெரிவது அதே விஷயம்தான்.

தமிழ்நாட்டில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றுக்கு எதிரான சட்டம் 2003இலிருந்து இருக்கிறது. 2025இல் கட்டாய வசூலைத் தடுக்கும் தனிச் சட்டமும் வந்தது. கடன் வாங்கியவரையோ குடும்பத்தையோ மிரட்டி வசூலித்தால் மூன்று ஆண்டு வரை சிறை. மிரட்டலால் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டால் தற்கொலைக்குத் தூண்டிய குற்றம். வழக்கு நடத்த வசதியில்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரை இலவசமாகத் தருகிறது, எண் 15100.

இந்தச் செயலிகளின் மிரட்டலால் உயிரிழந்தவர்கள் பல மாநிலங்களில் இருக்கிறார்கள். சில வழக்குகளில் கடன் சில ஆயிரம் ரூபாய்தான். கெடு முடிந்து, அழைப்புகள் வந்துகொண்டிருக்கும் இரவில் இதைப் படிப்பவர் கைப்பேசியை அணைத்துவிட்டு, வீட்டில் இருக்கும் ஒருவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். சொல்ல யாருமில்லை என்றால் 14416. அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.